நாலாவது கை

"நாளைக்கு லீவு போட்டுராதீங்க சாரே, கேட்டோ. ஒரு கை குறைஞ்சா ஆட்டம் இல்ல," என்றான் சஜி லிங்கத்திடம், சீட்டைக் கலைத்தபடி.

நாகர்கோவில் பாசஞ்சரில் தினமும் அதே நால்வர். சஜி, சுபின், லிங்கம், யோசுவா. ஆபீஸ்கள் வேறு வேறு. யோசுவாவின் மடியில் இருக்கும் பெட்டிதான் மேஜை.

லிங்கம் துருப்பை இறக்கினார். "ஆபீஸுக்குப் போறதே இந்த ஆட்டத்துக்குத்தான் ஓய்."

திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷன் வந்ததும் ஆபீஸில் கையெழுத்துப் போட மற்ற மூவரும் ஓடினார்கள். லிங்கம்தான் முதலில்.

யோசுவா ஓடவில்லை. அவர் தினமும் சாயங்காலம்வரை உட்காரும் பெஞ்சுக்கு அன்று பெயின்ட் அடித்திருந்தார்கள். பெட்டியோடு கடைசி பிளாட்பாரத்துக்கு நடந்தார்.

அங்கே பெஞ்சில் லிங்கம்.

யோசுவா பெட்டியைக் கீழே வைத்தார்.

"மார்ச்சோட ரிட்டயர் ஆயாச்சு," என்றார் லிங்கம். "நீரு?"

"ஏப்ரல்."

"சொல்லிராதீரும். தெரிஞ்சா வேற கை பிடிச்சிருவானுவ."

நகர்ந்து இடம் விட்டார். சீட்டுக்கட்டு சஜியோடு போயிருந்தது. இருவரும் தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்கால வண்டி வந்து நின்றதும் லிங்கம் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நாளைக்கு லீவு போட்டுராதீரும் ஓய்."