முதல்ல நீ

தங்கை மூன்றாவது முறையாக ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட்டாள்.

முதல் தடவை சளி. அடுத்தது ஆபீஸில் தணிக்கை. இந்தத் தடவை காரணம்கூட இல்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று போனை வைத்துவிட்டாள்.

அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். 

அப்பாவும் சரி, அத்தையும் சரி, ஐம்பதைத் தாண்டவில்லை. இருவருக்கும் இரைப்பையில் புற்று. அது மரபணுவில் இறங்கி வருவது, பிள்ளைகளில் யாருக்கு வந்திருக்கிறதோ அவர்கள் நோய்க்கு முந்திக்கொண்டு இரைப்பையை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர்.

ரத்தப் பரிசோதனையில் அக்காவுக்கு அந்த மரபணுக் கோளாறு இருந்தது. செத்தாலும் கத்தி வைக்க விடமாட்டேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். தன் பரிசோதனை முடிவைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்த தங்கை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும்தான்க்கா. ரெண்டு பேரும் எடுத்துடலாம். நீ மூத்தவ, முதல்ல நீ."

அந்த வார்த்தையை நம்பித்தான் அக்கா போய்ப் படுத்தாள்.

எட்டு மாதமாயிற்று. இரண்டு மணிக்கு ஒருதரம் அரைக் கிண்ணம், அதுதான் இனி அவளுக்குச் சாப்பாடு. நானும் இப்போதே பழகிக்கொள்கிறேன் என்று தங்கையும் வரும்போதெல்லாம் அரைக் கிண்ணத்தோடு எழுந்துவிடுவாள். இளைத்துப்போன தங்கையின் சட்டைகளை அக்காவே இரண்டு முறை பிடித்துத் தைத்தாயிற்று.

"உன்னை இறக்கிவிட்டு ஆழம் பாத்திருக்கா உன் தங்கச்சி," என்றார் அக்காவின் கணவர்.

அக்காவுக்குக் கோபம்தான். பயம் அதைவிடப் பெரிது. எடுத்த இரைப்பையை வெட்டிப் பார்த்தபோது ஆறு இடங்களில் புற்று அரும்பியிருந்தது. முன்னால் குழாய் விட்டுப் பார்த்தபோது ஒன்றுமே தெரியவில்லை.

மறுநாள் ஆபீஸ் வாசலிலேயே தங்கையின் கையைப் பிடித்தாள். டாக்டர் எதிரில் கொண்டுபோய் உட்காரவைத்த பிறகுதான் விட்டாள்.

"இவ என்னை ஏமாத்தறா டாக்டர். எனக்கு இருந்த மாதிரி இவளுக்கும் உள்ளே இருக்கும். இன்னிக்கே அட்மிட் பண்ணுங்க. நான் வீட்டுக்குப் போகப்போறதில்லை."

தங்கை தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தள்ளிப்போட்ட தேதிகள் எவை என்று டாக்டர் கேட்டார். அக்கா மூன்றையும் சொன்னாள். கம்ப்யூட்டரில் தேடினார். மூன்று நாளிலும் தங்கையின் பெயர் இல்லை. பழைய ரிப்போர்ட்டைத் திறந்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"சொல்லட்டுமா?" என்று தங்கையைக் கேட்டார்.

அவள் நிமிராமலே தலையசைத்தாள்.

டாக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"இவங்களுக்கு அந்தக் கோளாறே கிடையாது. நல்லா இருக்கற வயித்தை நான் எப்படிம்மா அறுக்கறது?"