ஒரு பக்க மூக்கு

நாய் துரைக்கு இடது மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது. சளிதான் என்று நினைத்த சௌந்தரம், வெந்நீரைத் திறந்துவிட்டு நாயைக் குளியலறை ஆவியில் உட்காரவைத்துப் பார்த்தாள். நிற்கவில்லை.

"ரெண்டு பக்கமும் ஒழுகினா சளின்னு சொல்லலாம். ஒரு பக்கம்னா உள்ள ஏதோ போயிருக்கும்மா" என்ற கால்நடை டாக்டரம்மா, பஞ்சால் துடைத்தெடுத்து முகர்ந்துபார்த்தாள். உடனே தும்மினாள்.

"மூக்குப்பொடி. வீட்ல யார் போடுறாங்க?"

பொடி போட்ட விரலை நாயிடம் நீட்டி, அது தும்முவதைப் பார்த்துச் சிரிக்கிற சௌந்தரத்தின் வீட்டுக்காரர் போன ஆடியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பொடி டப்பாவையும் சிதையில் அவரோடு வைத்துத்தான் அனுப்பியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் துரை நேரே அவருடைய சாய்வு நாற்காலியிடம் போய், கைப்பிடிக்கு நேராக மூக்கைத் தூக்கியது.

"டாக்டரம்மா ஆகாதுன்னுட்டாங்க. இனிமே அதுக்குக் குடுக்காதீங்க" என்றாள் சௌந்தரம், காலி நாற்காலியைப் பார்த்து.

மறுநாளே ஒழுகல் நின்றுவிட்டது. அதன் பிறகு நாய் நாற்காலிப் பக்கம் போகவேயில்லை. வீட்டில் ஒரு தும்மல் சத்தம்கூட இல்லை.

ஒரு மத்தியானம் சௌந்தரம் அந்த நாற்காலியருகே தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடிக்கு நேராகத் தன் மூக்கைத் தூக்கினாள்.