இருபத்தேழாவது மாத்திரை

“இதுலயும் மூணு.”

சித்ரகலா கடைசி பாட்டிலையும் மூடி, கட்டிங் டேபிள் மேல் டொக்கென்று வைத்தாள். இருபத்தாறு பெண்கள், பேர் ஒட்டிய இருபத்தாறு பாட்டில்கள். எல்லாவற்றிலும் சொல்லி வைத்தாற்போல மூன்று மாத்திரை மிச்சம்.

முப்பது நாளுக்கு முப்பது கொடுத்தது. போன இரண்டு மாதமும் இப்படித்தான், எல்லா பாட்டிலிலும் நான்கு மிச்சம். கட்டுப்பாடான பெண்கள் என்று அவளே ரிப்போர்ட்டில் பாராட்டி எழுதியிருந்தாள். இப்போது அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது.

நல்லூர் பனியன் கம்பெனியில் அது டீ டைம். மெஷின்கள் நின்றிருந்தன. பெண்கள் பன்னை டீயில் நனைத்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடிப்படி ஏறி வந்த மூச்சு சித்ரகலாவுக்கு இன்னும் அடங்கவில்லை. போன மாதம் இதே படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். வெயில்தான் காரணம் என்று அவளே முடிவும் கட்டிக்கொண்டாள்.

காலையில் டாக்டர் ராஜபாண்டி போனில் கத்தியிருந்தார்.

ரத்தசோகைக்கு ஒரு புது மாத்திரை. அது பலன் தருகிறதா என்று பார்க்கத்தான் இந்த மூன்று மாத ஆய்வு. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற சித்ரகலாவுக்கே தெரியாது.

“ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசமே இல்லம்மா. எல்லாருக்கும் ரத்த அளவு ஒரே மாதிரி கொஞ்சூண்டு ஏறியிருக்கு. ஒருத்தரும் ஒழுங்கா முழுங்கல. சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியலைன்னா, மாத்திரை பிரயோஜனமில்லைன்னு எழுதி ஃபைலை மூடிடுவேன்.”

மூடினால் மூன்று மாத அலைச்சல் வீண். பலன் இருக்கிறது என்று தெரிந்தால் சுற்று வட்டாரக் கம்பெனிப் பெண்கள் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுப்பதாக இருந்தது. அதுவும் கிடையாது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

“ஏனுங்கக்கா, உங்களை நம்பித்தானுங்க குடுத்தேன்? குப்பையில போட்டுட்டீங்களா?”

கொங்கு நாட்டில் கோபத்துக்கும் ‘ங்க’ போட்டாக வேண்டும்.

“சத்தியமா இல்லீங்க மேடம்.” பழனாத்தாள்தான் பேசினாள். அந்த டேபிளில் வயதில் மூத்தவள். “ஒரு நாள் விடாம முழுங்கினமுங்க. ஞாயித்துக்கிழமை நாலு மட்டும் இல்லீங்க.”

“ஞாயித்துக்கிழமை என்னாச்சுங்க?”

“டப்பா கம்பெனியில இருக்குதுங்களே. அன்னைக்கு லீவுங்க.”

“எந்த டப்பா?”

சட்டென்று எல்லாரும் டீயில் கவனமானார்கள். ஓவர்லாக் மெஷினில் இருந்த விஜயகுமாரி, நூல் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு முறுக்கு டப்பாவை எடுத்து வைத்தாள். காலி டப்பா.

“மாசம் பொறந்ததும் எல்லா பாட்டிலையும் இதுல கொட்டிக் கலக்கிருவமுங்க. டீ டைமுக்கு ஆளுக்கு ஒண்ணு. மாசக் கடைசில மிஞ்சுனதை எண்ணி, சமமாத் திருப்பிப் போட்டிருவமுங்க.”

சித்ரகலா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“சம்மத ஃபாரத்தை ரெண்டு தடவை படிச்சு வரி வரியாச் சொன்னேனுங்களே. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. பிரிச்சுப் பார்க்கறதுதானுங்க ஆராய்ச்சியே. புரியலீங்களா?”

“நல்லாப் புரிஞ்சுதுங்க. அதனாலதான் கலந்தமுங்க,” என்றாள் பழனாத்தாள். “இந்த டேபிள்ல ஒருத்தி நூறு பீஸ் தைப்பா, உடம்புக்கு முடியாதவ அம்பதுதான் தைப்பா. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுத்தானுங்க பிரிச்சுக்குவம். மருந்துல மட்டும் பாதிப் பேருக்கு இல்லைன்னா, பக்கத்துல உக்காந்துட்டு எப்படிங்க முழுங்கறது?”

“அப்பறம் எதுக்குங்க கையெழுத்துப் போட்டீங்க?”

“வேகாத வெயில்ல அலைஞ்சு வந்திருந்தீங்க. மாட்டேன்னு சொல்ல மனசு வரலீங்க.”

இதை எந்த ரிப்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? சித்ரகலாவுக்கு மண்டை காய்ந்தது. ஆத்திரத்தோடு மறுபடியும் ஒரு பாட்டிலைத் திறந்தாள்.

“அப்பவும் கணக்கு உதைக்குதுங்களே. வேலை நாள் இருபத்தாறு. பாட்டிலுக்கு நாலு மிஞ்சணும். மூணுதான் இருக்குது. இருபத்தேழாவது மாத்திரை எங்கீங்க? ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போயிட்டீங்களா?”

“இல்லீங்க.”

“வேற ஆருக்குக் குடுத்தீங்க? அதையாவது மறைக்காமச் சொல்லுங்க. மருந்துங்க அது, மிட்டாயில்ல.”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழனாத்தாள் சாப்பாட்டுப் பையைத் துழாவி, பனியனை மடித்துப் போடும் கவர் ஒன்றை எடுத்தாள். உள்ளே மாத்திரைகள். எண்ணிப் பார்க்கவே வேண்டாம், இருபத்தாறு.

அதைச் சித்ரகலாவின் கையில் வைத்தாள்.

“உங்களுக்குத்தானுங்க கண்ணு. போன மாசம் படியில உக்காந்துட்டீங்களே, அன்னைக்கே ஆளுக்கு ஒண்ணு எடுத்து வெக்கறதுன்னு பேசிக்கிட்டமுங்க. இதுலயும் பாதி வெறும் மாத்திரையாத்தான் இருக்கும், அதுக்கு நாங்க என்ன பண்ணறதுங்க? மூணு மாசமா எங்க விரலையே குத்திக் குத்திப் பார்த்தீங்க, உங்க விரலை ஒருக்காக்கூடக் குத்திப் பார்க்கலீங்களே.”