உள்ளூர்க்காரி

"அம்மா, அந்தக் கவரை மட்டும் வெளியில எடுக்காதே. உன் கால்ல வேணா விழறேன்."

பிரியம்வதா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கால்பந்து லீக் அலுவலகத்தின் வராந்தா பெஞ்சில் மகளைத் திரும்பிப் பார்த்தாள் வத்சலா. காலையில் பேங்க் லாக்கரிலிருந்து எடுத்து வந்த பிறப்புச் சான்றிதழ் அவள் மடியில் இருந்தது.

"ஏன்டி? விசாரணைக்கு அதைத்தானே கொண்டு வரச் சொன்னா?"

"அதைப் பார்த்தா நான் காலி. டீம்ல அஞ்சு பேராவது இங்கே மேற்கு வங்கத்துலயே பொறந்திருக்கணும்னு லீக் ரூல். எங்ககிட்ட நாலு பேர்தான். நம்ம வீடு இதே ஊர்ல லேக் மார்க்கெட்லதானேன்னு 'உள்ளூர்'ங்கற கட்டத்துல நான் டிக் அடிச்சுட்டேன்."

"அவசரக்குடுக்கை! ஃபாரத்தை முழுசாப் படிக்க மாட்டியா?"

"படிச்சிருந்தா டிக் அடிப்பேனா? இப்போ கடைசி மேட்ச்ல எங்ககிட்ட தோத்த கிளப் புகார் குடுத்திருக்கு. பொய்னு ஆச்சுன்னா மூணு பாயின்ட் போச்சு, மேல் டிவிஷன் போச்சு, எனக்கு ஒரு வருஷம் தடை. கோச் மது தாகிட்ட கூட சொல்லலம்மா."

"பொய்னு யாருடி சொன்னா?"

"நீதான்! தலைப்பிரசவம் பொறந்தாத்துலதான்னு, சீமந்தம் முடிஞ்ச கையோட ஸ்ரீரங்கத்துக்கு ரயில் ஏறின கதையை எத்தனை தடவை ஆரம்பிச்சிருக்கே!"

வத்சலா வாயைத் திறப்பதற்குள் பியூன் கூப்பிட்டுவிட்டார்.

உள்ளே, தோற்ற கிளப்பின் செயலர் கமிட்டித் தலைவியிடம் வங்காளத்தில் பொரிந்து தள்ளினார். "மேடம், எங்க மாடியிலயும் மதராஸிக் குடும்பம்தான். நாலு தலைமுறையா இங்கேயே இருந்தாலும் முதல் பிரசவத்துக்குப் பெண்ணை ஊருக்கு அனுப்பிடுவாங்க. இந்தப் பொண்ணு எங்கே பொறந்தான்னு கேளுங்க!"

"உண்மைதான். என்னையும் அனுப்பினாங்க," என்று வங்காளத்திலேயே சொல்லிவிட்டு, கவரை நீட்டினாள் வத்சலா.

பிரியம்வதா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

காகிதம் சரசரத்தது. பிறகு கமிட்டித் தலைவி வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது.

"புகார் தள்ளுபடி! மூணு பாயின்டும் உங்களுக்கே. அடுத்த சீசன் மேல் டிவிஷன்ல பார்க்கலாம்."

உள்ளே ஓரமாக நின்றிருந்த கோச் மது தா போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. செயலர் சான்றிதழை வாங்கி இரண்டு தரம் படித்தார். குடையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

வாசலில் காத்திருந்த டீம் பிரியம்வதாவை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டது.

"எப்படிம்மா?" என்று தோள்களின் மேலிருந்தே கத்தினாள்.

வத்சலா சான்றிதழை அவள் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். பிறந்த இடம்: சாந்த்ராகாச்சி ரயில் நிலையம், ஹவுரா மாவட்டம், மேற்கு வங்கம்.

"கதையை என்னிக்குடி கடைசி வரைக்கும் கேட்டே? பாதியிலேயே பந்தைத் தூக்கிண்டு ஓடிடுவே. ஸ்ரீரங்கம் வரைக்கும் உனக்கு ஏது பொறுமை! ஹவுராவுல ஏறின வண்டி ஊரைத் தாண்டறதுக்குள்ள வந்து குதிச்ச அவசரக்குடுக்கைதானே நீ!"