பதினாறு சுற்று ட்ரம்பெட்

டிரம் மட்டும் வந்தது.

எட்டு எண்ணி முடித்ததும் நுழைய வேண்டிய ட்ரம்பெட் நுழையவில்லை.

ஓக்னியன் சுவரைப் பார்த்தான். மேடையில் இருக்கும் பாட்டு மெஷினின் சின்னத் திரையை அங்கே பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் சிவப்பாக ஒரு வரி. 'பால்கன் ட்ரம்பெட்: உரிமம் இல்லை. வாங்க இங்கே அழுத்தவும்.'

வ்ரான்யே ஊரில் நடக்கும், மெஷினில் பாட்டுக் கட்டும் பீட் போட்டிக்கு ஒரே ஒரு விதி. சொந்த மெஷினைக் கொண்டுவரக் கூடாது. பாட்டு ஏற்றிய மெமரி கார்டை மட்டும் கொடுக்க வேண்டும். எல்லாருடைய பாட்டும் மேடை மெஷினில்தான் ஓடும்.

காசு கட்டி ஏற்றிக்கொண்ட பிளகின் என்கிற மென்பொருள் வாத்தியம், கட்டியவனுடைய மெஷினில் மட்டும்தான் வாயைத் திறக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அந்த வாசிப்பை முதலில் வெறும் ஒலிப்பதிவாக மாற்றிவிட்டுத்தான் கார்டில் ஏற்றுவார்கள். ஒரு பொத்தானை அழுத்துகிற வேலை. டயர் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் கார்டைத் தயார் செய்த ஓக்னியன் அதை மறந்துவிட்டான்.

மறந்ததுகூடப் பரவாயில்லை.

முன்வரிசையில் பய்ராம் உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்தில் வாசிக்கப் போகும்போது போடுகிற கறுப்புக் கோட். பக்கத்தில் மனைவி, இரண்டு மகள்கள், இரண்டு மருமகன்கள். வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸில் 'ட்ரம்பெட்: பய்ராம்' என்று அச்சடித்திருந்தது. அதன் முன்னால் நின்று குடும்பமே படம் எடுத்துக்கொண்டதை ஓக்னியன் பார்த்திருந்தான்.

பிப்ரவரியில் அவர் வாசித்தது உண்மைதான். ஓக்னியன் வீட்டுச் சமையலறையில், ஒரு மதியம் முழுக்க. முப்பது வருடம் ஊரையே ஆட வைத்த உதடு. ஆனால் முன்பற்கள் போய்ப் பல்செட் வந்திருந்தது. நீட்டிப் பிடித்த சுரமெல்லாம் நடுங்கியது. வாயோரத்தில் காற்று பிசிறியது.

"பிரமாதம்ணே" என்றான் ஓக்னியன்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் அத்தனையையும் அழித்தான்.

அன்று சாயங்காலமே பால்கன் ட்ரம்பெட் பிளகினை வாங்கி, விரலால் தட்டித் தட்டிப் பதினாறு சுற்றுக்கு ஒரு மெட்டை எழுதினான். ஐந்தாவது சுற்றில் விரல் வழுக்கி ஒரு சுரம் பக்கத்தில் விழுந்தது. கேட்க நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டான். பய்ராமின் போனுக்கு அனுப்பி, 'உங்க வாசிப்புதான்ணே, கொஞ்சம் துடைச்சிருக்கேன்' என்று எழுதினான். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

இப்போது தொகுப்பாளன் ஸ்லாவ்கோ மைக்கை எடுத்தான்.

"என்னடா ஓக்னியன், உன் ட்ரம்பெட்காரர் இன்னும் கடையிலேயே இருக்காராமே. முப்பது யூரோவாம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கூட்டிட்டு வந்துரலாமா?"

அரங்கம் சிரித்தது. முன்வரிசை மட்டும் சிரிக்கவில்லை. மூத்த மருமகன் சுவரில் இருந்ததை உதடசைத்துப் படித்தான். பிறகு மாமனார் பக்கம் திரும்பினான்.

ஓக்னியனுக்குக் காது மடல் எரிந்தது. பாட்டை நிறுத்தச் சொல்லலாம். ஏன் என்று கேட்பார்கள். குடும்பத்தோடு வந்திருக்கும் மனிதரின் முகத்துக்கு எதிரே அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். டிரம் நிற்காமல் ஓடியது.

பய்ராம் எழுந்தார்.

வெளியே போகப் போகிறார் என்று நினைத்தான். போய்விட்டால் நல்லது என்றும் நினைத்தான்.

அவர் குனிந்து, நாற்காலிக்கு அடியிலிருந்து ட்ரம்பெட்டை எடுத்தார். மேடை ஏறவில்லை. நின்ற இடத்திலிருந்தே ஸ்லாவ்கோவைப் பார்த்தார்.

"மெஷின் மறந்தா என்னப்பா? வாசிச்சவன் இங்க உசுரோடதான இருக்கேன்."

டிரம் ஒரு சுற்று முடியக் காத்திருந்து நுழைந்தார்.

சமையலறையில் வாசித்ததை அவர் வாசிக்கவில்லை. விரல் எழுதிய மெட்டை வாசித்தார். அதே தாவல்கள், அதே வேகம். ஐந்தாவது சுற்றில், வழுக்கி விழுந்த அந்தச் சுரம்கூட அதே இடத்தில் விழுந்தது.

சுரம் நடுங்கியது. காற்று பிசிறியது. ஒன்றையும் விடவில்லை. ஒன்பதாவது சுற்றில் கழுத்து நரம்பு புடைத்தது. பன்னிரண்டில் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. மனைவி அவர் கோட்டின் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பதினாறு முடிந்ததும் அரங்கம் தரையை உதைத்தது. கல்யாண வீட்டில் வாத்தியக்காரருக்குச் செய்வதுபோல, இளைய மருமகன் ஒரு பண நோட்டில் எச்சில் தொட்டு அவர் நெற்றியில் ஒட்டினான். "எங்க மாமா!" என்று யாரிடமோ சொன்னான். மூத்தவன் சுவரை மறுபடி பார்க்கவில்லை.

ஓக்னியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். பய்ராம் நாற்காலி முதுகைப் பிடித்தபடி இரைத்துக்கொண்டிருந்தார். கீழுதடு கிழிந்து ரத்தம் வந்திருந்தது.

"அண்ணே..."



பய்ராம் அவன் பிடரியில் கை வைத்து, கொஞ்சுகிறவர்போலத் தன் பக்கம் இழுத்தார். வீட்டுக்காரர்கள் காதில் விழாத அளவுக்குக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ அனுப்பின அன்னிக்கே அதுல என் மூச்சைத் தேடினேன் தம்பி. பதினாறு சுத்துலயும் நான் ஒரு எடத்துலகூட மூச்சு விடல."