சிமெண்டுச் சிறுமியின் உள்ளங்கை

பூங்காவில் மழைக்குக் கையேந்தி நிற்கும் சிமெண்டுச் சிறுமியின் உள்ளங்கையில் நிஜமான ரேகைகள் இருந்தன. அங்கே தினமும் விளையாட வந்த மதுராவின் கையை அச்செடுத்துத்தான் சிற்பி அதை வார்த்திருந்தார். அடுத்த கோடையில் மதுரா காய்ச்சலில் போய்விட்டாள். புதைக்கிறவர்களுக்காவது போய் உட்கார ஒரு கல் இருக்கிறது. இவளை எரித்து, சாம்பலையும் ஆற்றில் கரைத்துவிட்டார்கள். அதனால் மகளைப் பார்க்க ஜெயகௌரி பூங்காவுக்குத்தான் வருவாள்.

கோடை முடிந்து பள்ளி திறக்கும் முன் சிலைகளுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பார்கள். ரேகை மூடிவிடும். அவர்கள் போனதும் உப்புத்தாளை எடுத்து அந்தக் கையை மட்டும் தேய்த்துத் தேய்த்து மீட்டெடுப்பாள். வருடா வருடம் இதே வேலை.

இந்த வருடம் துணிந்து கேட்டுவிட்டாள். “தம்பி, இந்தக் கையை மட்டும் விட்டுருங்க. எம் பொண்ணோட ரேகை இருக்கு.”

பெயிண்டர் குனிந்து பார்த்தான். விரலால் தடவியும் பார்த்தான். “வழவழன்னு இருக்கேக்கா. ரேகை எதுவும் தெரியலியே?”

நேற்றுகூட அவள் விரலுக்கு அவை தட்டுப்பட்டன. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கிண்ணத்தின் உட்புறம்போல இருந்தது கை. பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துச் சற்று நேரம் பார்த்தாள். மறுபடி உள்ளே திணித்தாள்.

“இதையும் அடிச்சிருங்க தம்பி.”

அவன் பிரஷ்ஷை நனைத்ததும், மருதாணி வைக்கும்போது மகளைப் பிடிப்பதுபோல, அந்தச் சிமெண்டு மணிக்கட்டை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.