மகளுக்காக ஒரு சண்டை

வகுப்பில் இருக்கும்போதே என் மகளுக்குத் திடீரென்று மூச்சு முட்டும், கைகால் நடுங்கும். பதற்ற நோய் என்றார் டாக்டர். நடிப்பு என்றார் வகுப்பு டீச்சர். விடுவேனா? கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டுத் தலைமையாசிரியையின் அறைக்குள் நுழைந்தேன்.

"என் பொண்ணுக்குக் கதவோரமா இடம் வேணும்! மூச்சு முட்டுனா யாரையும் கேக்காம வெளிய போக அனுமதி வேணும்!"

மேசையைத் தட்டி முழங்கினேன். அவர் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை. பயந்துவிட்டார் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு மறுபடி கத்தினேன். எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சரணடைந்தே விட்டார்! என் பேச்சில் எனக்கே புல்லரித்தது.

"இப்ப சொல்லுங்க மேடம், தருவீங்களா மாட்டீங்களா?"

"நேத்தே குடுத்தாச்சும்மா. உங்க பொண்ணே வந்து கேட்டா. நியாயமாப் பட்டுது. அந்த டீச்சர்கிட்டயும் பேசிட்டேன்."

என் முகத்தில் அசடு வழிந்தது.

"அப்போ என்னை ஏன் இவ்வளவு நேரம் கத்த விட்டீங்க?"

"அதுவும் அவ கேட்டதுதான். 'அம்மா வந்து கத்துவாங்க மிஸ். நடுவுல நிறுத்தாதீங்க. தண்ணி குடுத்துட்டுப் பக்கத்துலயே உக்காருங்க. கொஞ்ச நேரத்துல சரியாயிடுவாங்க'ன்னு சொன்னா."